சேமித்து வைத்த மெயிலை பிரவுசரில் திறக்க எந்த வழி?

வேலையை விட்டு வரும்போது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள உயர்வு, பி.எஃப். சம்பந்தப்பட்ட மெயில்களையெல்லாம் பென் டிரைவில் போட்டு எடுத்து வந்திருப்பீர்கள். அல்லது வக்கீலோ ஆடிட்டரோ ஒரு பழைய மெயிலை அப்படியே ஃபைலாக அனுப்பியிருப்பார். திறக்கலாம் என்று இரண்டு முறை கிளிக் செய்தால், எதைக் கொண்டு திறக்கட்டும் என்று விண்டோஸ் உங்களையே கேட்கிறது. குரோமுக்குள் இழுத்துப் போட்டாலும் மெயில் திறப்பதில்லை. டவுன்லோட் ஃபோல்டரில் அதே ஃபைலின் இன்னொரு பிரதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பயர்பாக்ஸும் மெயிலாகக் காட்டுவதில்லை.

இந்த நிலையில் பலரும் செய்வது, ‘ஆன்லைன் வியூவர்’ என்று தேடி, முதலில் வரும் தளத்தில் ஃபைலை ஏற்றிவிடுவது. அது கடைசியாக யோசிக்க வேண்டிய வழி என்பது என் கருத்து. அதைவிட நல்ல வழிகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: ஃபைல் எந்த வகை, மெயிலில் என்ன இருக்கிறது, படித்த பிறகு அதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்.

முதலில் ஃபைலின் வால் பெயரைப் பாருங்கள்

ஃபைல் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதிதான் வால் பெயர். விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில், ஷோ என்பதற்குள் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்தால் தெரியும். பெரும்பாலும் ஈஎம்எல் (.eml) அல்லது எம்எஸ்ஜி (.msg) என்று இருக்கும். ஜிமெயிலில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து ‘டவுன்லோட் மெசேஜ்’ கொடுத்தால் கிடைப்பது ஈஎம்எல். அலுவலகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய அவுட்லுக்கிலிருந்து ஒரு மெயிலை டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போட்டால் கிடைப்பது எம்எஸ்ஜி. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி ஒற்றை மெயில்தான். உள்ளமைப்பில் இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஈஎம்எல் வெறும் எழுத்து. 1982-இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற வரையறையின் வழிவந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2008-இன் ஆர்எஃப்சி 5322. நோட்பேடில் திறந்தாலே பாதி புரியும். மேலே அனுப்பியவர், பெறுபவர், தேதி, பொருள் என்று வரி வரியாக இருக்கும். அவற்றோடு, மெயில் எந்தெந்த சர்வர் வழியாக எத்தனை மணிக்கு வந்தது என்ற ‘ரிசீவ்ட்’ வரிகளும் இருக்கும். பிறகு ஒரு வெற்று வரி. அதற்குக் கீழே உடல்.

ஆங்கில மெயில் என்றால் உடலையும் அங்கேயே படித்துவிடலாம். தமிழ் மெயில் என்றால் பெரும்பாலும் சிக்கல்தான். மெயில் போக்குவரத்து ஆரம்பத்தில் ஆங்கில எழுத்துகளுக்காக அமைந்தது என்பதால், மற்ற மொழிகளை அந்த எழுத்துகளுக்குள் மடித்து அனுப்ப மைம் என்ற முறை 1990-களில் வந்தது. அதில் இரண்டு வகை மடிப்பு உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் அது ஐந்து குறிகள், அவற்றைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் பதினைந்து பைட். பேஸ்64 என்ற மடிப்பில் அது 20 எழுத்தாகும். கோட்டட் பிரின்டபிள் என்ற மடிப்பில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சமக்குறியும் இரண்டு குறிகளுமாக 45 எழுத்தாகிவிடும். நோட்பேடில் பக்கம் பக்கமாக சமக்குறியும் எண்ணும் ஓடுவதைப் பார்த்து ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்கள் மெயில் உள்ளே பத்திரமாக இருக்கிறது. அதை விரித்துக் காட்ட ஒரு மென்பொருள் வேண்டும், அவ்வளவுதான்.

எம்எஸ்ஜி அப்படி இல்லை. பழைய வேர்டு ஃபைல்கள் எந்த பைனரிப் பெட்டிக்குள் சேமிக்கப்பட்டனவோ, அதே வகைப் பெட்டிதான் இதுவும். நோட்பேடில் குப்பையாகத்தான் தெரியும். கீழே சொல்லப்போகும் முதல் வழி எம்எஸ்ஜிக்குச் சுத்தமாக உதவாது. பெயரை மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பெயரை மாற்றித் திறப்பது

ஈஎம்எல் ஃபைலை ஒரு பிரதி எடுத்து, பிரதியின் வால் பெயரை எம்எச்டி (.mht) என்று மாற்றி, குரோமிலோ எட்ஜிலோ திறப்பது. எதையும் நிறுவ வேண்டாம், ஃபைல் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது.

இது ஏன் வேலை செய்கிறது என்பது சுவையான விஷயம். குரோமில் ஒரு வலைப்பக்கத்தை ‘ஒற்றை ஃபைல்’ என்று சேமித்துவிட்டு, அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியே மெயிலில் வருவதுபோல ‘ஃப்ரம்’ என்று தொடங்கும். அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில், பிலிங்க் சேமித்தது என்று இருக்கும். பிலிங்க் என்பது குரோமின் எஞ்சின். அதாவது, பக்கத்தையும் படங்களையும் ஒரே ஃபைலில் அடைப்பதற்கு, மெயிலுக்கு இருந்த அதே மைம் அமைப்பையே எடுத்துக்கொண்டார்கள். 1999-இல் ஆர்எஃப்சி 2557 ஆக அது வரையறுக்கப்பட்டது. அமைப்பு ஒன்றே என்பதால், மெயிலை எம்எச்டி என்று பெயர் மாற்றிக் கொடுத்தால் பிரவுசர் அதைச் சேமித்த பக்கமாக எடுத்துக்கொண்டு திறந்து காட்டிவிடுகிறது.

ஆனால் அது காட்டுவது பக்கத்தை மட்டும்தான். அனுப்பியவர், தேதி, பொருள் ஆகியவை பக்கத்தின் மேலே வராது. அட்டாச்மென்ட்டும் வராது. வடிவமைப்பு எதுவுமில்லாத, வெறும் எழுத்தில் வந்த மெயிலாக இருந்தால் வெள்ளைத் திரை மட்டும் தெரியவும் வாய்ப்பு உண்டு. பயர்பாக்ஸில் எம்எச்டி திறக்கும் வசதி இல்லை. முன்பு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் செய்துகொண்டிருந்தவர்களுக்கும் வழி அடைந்துவிட்டது. அதற்கான ஆதரவு பெரும்பாலான விண்டோஸ் 10 கணினிகளில் 2022 ஜூன் 15-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

ஆகவே இது ஒரு மெயிலை அவசரமாக எட்டிப் பார்க்க மட்டும். ரயில் டிக்கெட் உறுதி மெயில், ஆன்லைனில் பொருள் வாங்கிய பில் போன்றவை வலைப்பக்கங்களுக்கான எச்டிஎம்எல் வடிவில் வருவதால் நன்றாகவே திறக்கும். சம்பளச் சீட்டு அட்டாச்மென்ட்டாக வந்த மெயிலை இப்படித் திறந்துவிட்டு, சீட்டைக் காணோமே என்று தேடக் கூடாது.

உங்கள் மெயில் பெட்டியையே பார்வையாளராக்குவது

பிரவுசரில்தான் பார்க்க வேண்டும் என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஈஎம்எல் ஃபைலை அட்டாச்மென்ட்டாக இணைத்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். வந்த மெயிலை கணினியின் பிரவுசரில் ஜிமெயிலில் திறந்து அந்த அட்டாச்மென்ட்டைக் கிளிக் செய்தால், உள்ளே இருக்கும் மெயில் தனி விண்டோவில், அனுப்பியவர், தேதி, பொருள் எல்லாவற்றோடும் மெயிலாகவே திறக்கும். ஒரு மெயிலையே அட்டாச்மென்ட்டாக ஃபார்வர்டு செய்யும் வசதியை ஜிமெயில் 2019 இறுதியில் கொண்டுவந்தபோது சேர்ந்து வந்த பயன் இது. தமிழ் எழுத்து ஒழுங்காக விரியும். பேஸ்64 பற்றியெல்லாம் நீங்கள் தெரிந்துகொள்ளவே வேண்டாம்.

அட்டாச்மென்ட் அளவுக்கு 25 எம்பி வரம்பு உண்டு என்பதை மட்டும் கவனியுங்கள். அதைத் தாண்டினால் ஜிமெயில் ஃபைலை கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை மட்டும் அனுப்பும்; அப்போது இந்த வசதி கிடைக்காது. மெயிலுக்குள் இருக்கும் படமும் பிடிஎஃப்பும் பேஸ்64 மடிப்பில் மூன்றில் ஒரு பங்கு பெருத்துத்தான் ஈஎம்எல்லில் இருக்கும். ஆகவே உள்ளே 20 எம்பி இருந்தாலே ஃபைல் வரம்பைத் தாண்டிவிடும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. ஒன்டிரைவில் ஃபைலைப் போட்டு பிரவுசரிலேயே முன்னோட்டம் பார்க்கலாம். ஈஎம்எல், எம்எஸ்ஜி இரண்டையும் அது காட்டும். அவுட்லுக் நிறுவாத கணினியில் எம்எஸ்ஜியைப் பிரவுசரில் பார்க்க எனக்குத் தெரிந்து நம்பகமான வழி இதுதான்.

சொந்த டொமைன் வைத்து ஹோஸ்டிங் வாங்கியிருக்கும் சிறு நிறுவனங்கள் பலவற்றில் ரவுண்ட்கியூப் வெப்மெயில் இருக்கும். அதில் இம்போர்ட் வசதி உண்டு. ஈஎம்எல்லைக் கொடுத்தால் நேராக ஃபோல்டருக்குள் மெயிலாகவே போய்ச் சேரும். அட்டாச்மென்ட்டாக அனுப்பித் திறப்பதைவிட இது ஒரு படி மேல், ஏனென்றால் பிறகு தேடலிலும் அகப்படும்.

‘இந்த வழிகளிலெல்லாம் ஃபைல் யாரோ ஒருவரின் சர்வருக்குத்தானே போகிறது’ என்று கேட்கலாம். போகிறதுதான். ஆனால் அந்த மெயிலே பெரும்பாலும் அந்த சர்வர் வழியாக வந்ததுதான். உங்கள் மற்ற மெயில்கள் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. புதிதாக ஒருவரை நம்ப வேண்டியதில்லை. ஒரு விலக்கு மட்டும் முக்கியம். அது கம்பெனி மெயில் என்றால், சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புவதே வேலை ஒப்பந்தத்தை மீறுவதாக இருக்கலாம். அந்த வகை மெயிலுக்கு அடுத்து வரும் தண்டர்பேர்டுதான் சரி.

தண்டர்பேர்டு: பிரவுசரை விடுவது

கேள்வி பிரவுசரைப் பற்றியது என்றாலும் இதைச் சொல்லாமல் ஒப்பீடு முழுமையாகாது. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்ததிலிருந்து இன்றுவரை இலவசமாகக் கிடைக்கும் மெயில் மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதன்முதலில் திறக்கும்போது மெயில் கணக்கைச் சேர்க்கச் சொல்லும். அதை ரத்து செய்துவிடலாம். கணக்கு எதுவும் சேர்க்காமலே ஈஎம்எல் ஃபைல்களைத் திறக்க முடியும்.

பிரவுசர் வழிகளில் எளிதில் கிடைக்காத இரண்டு விஷயங்கள் இங்கே கிடைக்கும். ஒன்று, வெளியிலிருந்து வரும் படங்களை நீங்கள் அனுமதிக்கும்வரை அது இறக்காது. விளம்பர மெயில்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றைச் செருகி, அது இறங்கியதை வைத்து யார் எப்போது மெயிலைத் திறந்தார் என்று கண்காணிப்பது சர்வசாதாரணம். சந்தேகத்துக்குரிய மெயிலை ஆராயும்போது இந்தத் தடை அவசியம். இரண்டாவது, கன்ட்ரோலும் யு-வும் அழுத்தினால் மெயிலின் மூலம் முழுவதும் கண்முன் வரும். மேனேஜரின் பெயரில் வந்த மெயில் உண்மையில் எந்த சர்வரிலிருந்து புறப்பட்டது என்று பார்க்க வேண்டியவர்களுக்கு அந்த ‘ரிசீவ்ட்’ வரிகள்தான் ஆதாரம்.

எம்எஸ்ஜியைத் தண்டர்பேர்டு நேரடியாகத் திறக்காது. லினக்ஸ் பழகியவர்கள் எம்எஸ்ஜிகன்வர்ட் என்ற சிறு கருவியால் ஈஎம்எல்லாக மாற்றிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு மேலே சொன்ன ஒன்டிரைவ், அல்லது அவுட்லுக் இருக்கும் நண்பரின் கணினி.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதியே தேவையில்லை. ஆப்பிள் மெயில் ஈஎம்எல்லை அப்படியே திறக்கும். விண்டோஸில் கூடவே வந்துகொண்டிருந்த ‘மெயில்’ செயலியின் ஆதரவு 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நேற்றுவரை திறந்த ஃபைல் இன்று ஏன் திறக்கவில்லை என்று குழம்புபவர்களில் சிலருக்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

ஃபைலை ஏற்றினால் காட்டும் தளங்கள்

இவற்றில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தில் உங்கள் ஃபைல் அவர்களுடைய சர்வருக்குப் போய், அங்கே விரிக்கப்பட்டு, பக்கமாகத் திரும்பி வருகிறது. இன்னொரு ரகத்தில் பக்கத்தோடு வரும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலே உங்கள் பிரவுசருக்குள் ஃபைலைப் பிரித்துக் காட்டுகிறது. ஃபைல் வெளியே போவதே இல்லை. ஈஎம்எல் வெறும் எழுத்து என்பதால் இரண்டாவது ரகத்தைச் செய்வது கடினமான காரியமும் இல்லை. பார்வைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் பிரச்சினை. ‘உங்கள் ஃபைல் ஒரு மணி நேரத்தில் அழிக்கப்படும்’ என்று ஒரு தளம் எழுதியிருந்தால், அது தன் சர்வரில் வைக்கிறது என்பதை அந்த வாக்கியமே சொல்லிவிடுகிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தளத்தை இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து, பக்கம் முழுவதும் வந்ததும் வைஃபையை அணைத்துவிடுங்கள். முக்கியமில்லாத ஒரு மெயிலை எடுத்து உள்ளே போடுங்கள். திறந்தால் வேலை உங்கள் கணினியிலேயே நடக்கிறது. திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், ஃபைலை வெளியே அனுப்பக் காத்திருக்கிறது. ஃபைலை வெளியே அனுப்பாத இரண்டாவது ரகம் என்று தெரிந்து உண்மையான மெயிலைப் படித்தாலும், படித்து முடித்து விண்டோவை மூடிய பிறகே வைஃபையைத் திரும்பப் போடுங்கள்.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், மெயில் ஃபைலுக்குள் நாம் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது. வங்கியிலிருந்து வந்த ஒரு மெயிலில் பெயர், கணக்கின் கடைசி எண்கள், அட்டாச்மென்ட்டாக ஸ்டேட்மென்ட் எல்லாம் இருக்கும். ஸ்டேட்மென்ட்டுக்கு பாஸ்வேர்டு உண்டே என்று நினைத்தால், பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த தேதியும்தான் பாஸ்வேர்டு என்று அதே மெயிலின் உடலில் எழுதியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். பூட்டும் சாவியின் விவரமும் ஒரே ஃபைலில். இதை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நூற்றுக்கணக்கில் இருந்தால்

ஒற்றை மெயிலுக்குச் சொன்ன வழிகள் ஒரு ஃபோல்டர் நிறைய இருப்பவர்களுக்கு ஒத்துவராது. தண்டர்பேர்டில் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதியில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ஈஎம்எல் ஃபைல்களை மொத்தமாக இழுத்துப் போடுங்கள். பிறகும் பிரவுசரில்தான் படிக்க வேண்டும் என்றால், ஜிமெயில் கணக்கைத் தண்டர்பேர்டில் ஐமேப் முறையில் (சர்வரில் இருக்கும் மெயில் பெட்டியோடு நேராக இணையும் முறை) சேர்த்து, அந்த மெயில்களை ஜிமெயிலின் ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தினால் போதும். அவை மேலே ஏறியதும் எந்தக் கணினியின் பிரவுசரிலும் தேடிப் படிக்கலாம். கூகுள் கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் கிடைக்கும் எம்பாக்ஸ் ஃபைல் என்றால், அது ஆயிரக்கணக்கான மெயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிய ஒரே நீண்ட எழுத்துக் கோப்பு. பிரவுசரில் இழுத்துப் போட்டால் மெயில்களாகத் திறக்காது. அதற்கும் தண்டர்பேர்டுதான்.

வழக்குக்குப் போகும் மெயில் என்றால்

இங்கே கேள்வியே மாறிவிடுகிறது. எதில் திறப்பது என்பதைவிட மூல ஃபைலை மாற்றாமல் காப்பதுதான் முதல் வேலை. இந்தியாவில் மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக வைப்பதற்கு முன்பு இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023-இன் 63-ஆம் பிரிவு இருக்கிறது. அதற்கான சான்றிதழில் ஃபைலின் ஹாஷ் மதிப்பையும், எந்த முறையில் அதைக் கணக்கிட்டார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஹாஷ் என்பது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு நீண்ட எண். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். பெயரை மட்டும் மாற்றினால் மாறாது. ஆகவே எம்எச்டி என்று பெயர் மாற்றிப் பார்த்ததால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. நோட்பேடில் திறந்து தெரியாமல் ஒரு ஸ்பேஸ் தட்டிச் சேமித்துவிட்டால் கெட்டது. இதற்காகத்தான் பிரதியில் வேலை செய்யச் சொன்னேன். பிடிஎஃப்பாக மாற்றிவிட்டு மூலத்தை அழித்துவிட்டவர்கள் இன்னும் பெரியதை இழக்கிறார்கள். மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று சரிபார்க்க உதவும் டிகேஐஎம் கையொப்பம் ஈஎம்எல்லின் தலைப்பு வரிகளில்தான் இருக்கிறது. பிடிஎஃப்பிலும் ஸ்கிரீன்ஷாட்டிலும் அது இல்லை. அச்செடுத்த தாளோடு மூல ஃபைலையும் வக்கீலிடம் கொடுங்கள். சான்றிதழ் விஷயத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

யூனிகோடுக்கு முந்தைய தமிழ் மெயில்கள்

தொண்ணூறுகளின் இறுதியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் உலகெங்கும் இருந்த தமிழர்கள் மெயிலில் தமிழ் எழுதிப் பழகிய காலத்தில் யூனிகோடு இன்னும் பரவியிருக்கவில்லை. திஸ்கி என்ற குறியாக்கத்தில் எழுதினார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் ஆகியவையும் புழக்கத்துக்கு வந்தன. அந்தக் கால மெயில்கள் ஒரு சிடியில் கிடைத்து இன்று திறந்தால், மேலே சொன்ன எந்த வழியிலும் தமிழ் வராது. ஐரோப்பிய எழுத்துகள் தலையில் கொம்பும் கோடுமாக வரிசையாக நிற்கும்.

இங்கே பிரவுசரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மெயில்கள் பலவற்றில் குறியாக்கத்தின் பெயர் மேற்கு ஐரோப்பியம் என்றே பதிவாகியிருக்கும். எழுத்துருவை மாற்றித்தான் அன்று தமிழைப் படித்தார்கள். இன்றைய பிரவுசர்கள் ஏற்கும் குறியாக்கப் பட்டியலில் திஸ்கி இல்லை. மெனுவில் தேடினாலும் கிடைக்காது. செய்ய வேண்டியது இதுதான்: தண்டர்பேர்டில் மெயிலைத் திறந்து, உடலில் உள்ள எழுத்தைப் பிரதி எடுத்து, பொங்குதமிழ் போன்ற ஒரு குறியாக்க மாற்றியில் ஒட்டி, திஸ்கி என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பிடிபடவில்லை என்றால் டாம், பிறகு டாப் என்று மாற்றிப் பாருங்கள். சரியானது அமைந்தால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். மாற்றிய தமிழை அதே தேதியும் அனுப்பியவர் பெயரும் போட்டுத் தனி ஃபைலாகச் சேமியுங்கள். பழைய ஈஎம்எல்லையும் பக்கத்திலேயே வைத்திருங்கள். மாற்றியில் ஓரிரு எழுத்து தவறினால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.